‘விடுங்க’ என்று சொல்ல முடியாதவள்

“இனிமே நான் வகுப்பு எடுக்க மாட்டேன் டீச்சர். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க.”

பிரேமாவதி இதை வாசலில் நின்றபடியே சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே குழல்வாய்மொழி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தென்காசியில் யோகா சொல்லிக்கொடுக்கிறவள். அவளிடம் படித்துவிட்டுத்தான் பிரேமாவதியும் தன் வீட்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் சாயங்கால வகுப்பு எடுத்துவந்தாள். இங்கே குருவைவிடச் சிஷ்யைக்குத்தான் வயது அதிகம். அதனால் இவள் அவளை டீச்சர் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

“உள்ள வாங்கக்கா.”

“வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

சொல்லியாயிற்று, போக வேண்டியதுதானே? போகவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

போன மாதம்தான் அவள் புருஷன் ஆவுடையப்பன் இறந்துபோனார். நுரையீரல் கெட்டுப்போய், மூச்சுக்குத் தவித்துத் தவித்துப் போனார்.

துஷ்டி கேட்க வந்த சனமாவது சும்மா இருந்ததா? “ஊருக்கே மூச்சு சொல்லிக்கொடுத்தா, வீட்டுல ஒரு மூச்சைப் பிடிச்சு வைக்கத் தெரியலையே” என்று ஒருத்தி பந்தலிலேயே சொன்னாள். நரம்பில்லாத நாக்கு, என்னத்தைச் சொல்ல!

குழல்வாய்மொழி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன நடந்துச்சுக்கா?”

“நேத்து வகுப்புக்குப் போனேன். எல்லாரும் வந்திருந்தாங்க. கண்ணை மூடச் சொன்னேன். ‘மூச்சை நல்லா இழுங்க’ன்னேன். இழுத்தாங்க.”

“ம்.”

“அடுத்த வார்த்தை வரல.”

“எந்த வார்த்தை?”

“அதான்... ‘விடுங்க’ன்னு சொல்லணும்லா. வாயைத் திறக்கேன், வரவே மாட்டேங்கு. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. சொன்ன பேச்சு கேக்குற சனம், பாவம்.”

அந்த வகுப்பில் சண்முகவேலாயுதம் என்று ஒரு பஸ் கண்டக்டர் உண்டு, ஓய்வு பெற்றவர். முதலில் இருமியவர் அவர்தான். இருமி முடித்ததும், “விசில் குடுங்க டீச்சர், வண்டி அப்படியே நிக்குது” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

“நான் என்ன பண்ணினேன் தெரியுமா டீச்சர்? ‘எல்லாரும் வெளியே போங்க’ன்னு கத்தினேன். காட்டுக்கத்தல். அந்த மனுஷன் பாயைக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ‘தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா’ன்னு கும்பிட்டுட்டுப் போறாரு.”

“அதுக்காகவா வகுப்பை விடணும்?”

“அதுக்காக இல்ல.”

பிரேமாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தும் புண்ணியமில்லை.

“ஆஸ்பத்திரியில அன்னிக்கு அவுகளுக்குக் காத்தே போதல. மாஸ்க்கைப் பிச்சுப் பிச்சு எறியுதாக. கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும்போல இருக்கு. நான் நெஞ்சைத் தடவிக்கொடுத்து, வகுப்புல சொல்லுத மாதிரியே சொன்னேன். ‘இழுங்க... மெதுவா விடுங்க. இழுங்க... மெதுவா விடுங்க.’ கேட்டாக டீச்சர். கல்யாணம் ஆன நாள்லயிருந்து என் பேச்சு ஒண்ணு கேட்டதில்ல. அன்னிக்குச் சின்னப்பிள்ளை கணக்கா என் வாயையே பாத்துக்கிட்டுக் கேட்டாக.”

பிரேமாவதி தன் நெஞ்சையே ஒருமுறை தடவிக்கொண்டாள்.

“‘விடுங்க’ன்னேன். விட்டாக. அதுக்கப்புறம் இழுக்கவே இல்ல.”

குழல்வாய்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னதுனாலதான் விட்டாக. சொல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் பிடிச்சு வச்சிருப்பாக. மதுரையிலயிருந்து மக வந்துக்கிட்டு இருந்தா. அவ முகத்தையாவது பாத்திருப்பாக.”

“அக்கா, அப்படியெல்லாம்...”

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. வகுப்பு எடுக்கிறவ மனசு வகுப்புல இருக்கணும்பீங்க. என் மனசு அந்தக் கட்டில் பக்கத்துலயே கிடக்கு, கூப்பிட்டா வர மாட்டேங்கு. எது நடந்தாலும் சாட்சியா இருந்து பாருங்கம்பீங்க. இருந்து பாத்தேன் டீச்சர். கண்ணை எடுக்காம பாத்தேன். என்ன கிடைச்சுது?”

குழல்வாய்மொழியைச் சும்மா சொல்லக்கூடாது, மேடையில் ஏற்றிவிட்டால் மணிக்கணக்காகப் பேசக்கூடியவள். இந்தக் கேள்வியில் அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுருட்டிய பாய்களில் ஒன்றை எடுத்து விரித்தாள்.

“வாங்க, வந்து உக்காருங்க.”

“என்னால சொல்ல முடியாது டீச்சர்.”

“நீங்க எதுக்குச் சொல்லுதீங்க? நான் எடுக்கேன். இன்னிக்கு வகுப்புக்கு நீங்க ஒரே ஆள்தான்.”

பிரேமாவதி வேண்டா வெறுப்பாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதுகு தன்னால் நிமிர்ந்தது. பழக்கம் எங்கே போகும்?

“கண்ணை மூடுங்க.”

மூடினாள்.

“மூச்சை நல்லா இழுங்க.”

இழுத்தாள். நெஞ்சு நிறைய இழுத்தாள்.

அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். அந்தச் சொல்லைக் கேட்கவும் பயமாக இருந்தது அவளுக்கு.

சொல் வரவில்லை.

தெருவில் ஒருத்தர் கொய்யாப்பழம் கூவிக்கொண்டு போனார். அவர் குரல் முனை திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகும் வரவில்லை.

எழுந்து போய்விட்டாளோ என்று கண்ணைத் திறந்தாள். குழல்வாய்மொழி எதிரிலேயேதான் இருந்தாள். இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேமாவதி கண்ணாலேயே கேட்டாள்.

குழல்வாய்மொழி வாய் திறக்கவில்லை.

கோபம் வந்தது பிரேமாவதிக்கு. கூடவே ஒரு வைராக்கியமும் வந்தது. பிடித்து வைக்கிறேன் பார் என்றிருந்தது. மனுஷனால் பிடித்து வைக்க முடியும் என்று காட்டிவிட வேண்டும். அவரால் முடியாமல் போனதைத் தானாவது செய்துவிட வேண்டும். பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கழுத்து புடைத்தது. காது அடைத்தது. மக பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள்.

அது கேட்கவில்லை. பல்லைக் கடித்தும் நிற்கவில்லை. ஒரு பெரிய சத்தத்தோடு மூச்சு வெளியே வந்துவிட்டது. பாயில் கவிழ்ந்து விழுந்து, ஐயோ ஐயோ என்று அழுதாள்.

குழல்வாய்மொழி அவள் முதுகில் கையை வைத்தாள்.

“நான் விடுங்கன்னு சொல்லவே இல்லையேக்கா.”