ஒரே வளையத்தில் இரண்டு சாவிகள்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்து. இரண்டு சாவிகள் கோத்த வளையம் ஒன்று லூர்துமேரி டீச்சரின் கைப்பைக்குள் விழுந்தது. ஒன்று மேலச்சுனையூர்ப் பள்ளியின் சாவி. மற்றது கீழச்சுனையூர்ப் பள்ளியின் சாவி. இரண்டு ஊருக்கும் அவர் ஒருவரே ஆசிரியர். ஒரு நாள் மேலே, மறுநாள் கீழே.

"நாளைக்கு என் முறை," என்றது மேலச்சாவி. "பதினோரு பிள்ளைங்க. உனக்கு வெறும் ஒன்பது."

"எண்ணிக்கிட்டே இரு," என்றது கீழச்சாவி.

பைக்குள் ஒரு கடிதம் கிடந்தது. வழக்கமான சுற்றறிக்கை என்று நினைத்து டீச்சர் அதைப் பிரிக்கவில்லை.

"சற்று அமைதி," என்றது கடிதம். "நாளை காலை பதினொரு மணிக்கு அதிகாரி கீழச்சுனையூரைப் பார்வையிடுவார். பள்ளி பூட்டியிருந்தால் நிரந்தரமாக மூடப்படும். எனக்குள் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

கீழச்சாவி மேலச்சாவியின் பக்கம் திரும்பியது. "அப்புறம் ஒன்பது பேரும் ஓடையைத் தாண்டி உன் ஊருக்கு ஏறணும். மழைக்காலத்துல யாரு அனுப்புவாங்க?"

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"போன வருஷம் உன்கிட்ட எத்தனை பேர்?"

மேலச்சாவி தயங்கியது. "பதினாறு."

"அப்போ அடுத்த கடுதாசி யாருக்கு வரும்?"

மறுநாள் காலை மேலச்சுனையூர்ப் பூட்டுக்குள் நுழைந்த மேலச்சாவி திரும்ப மறுத்தது. டீச்சர் எண்ணெய் விட்டுப் பார்த்தார். மகளைக் கொண்டுவிட வந்த காத்தாயி வாங்கித் திருகினாள். டக்கென்று ஒரு சத்தம். பூட்டு அசையவில்லை.

"உங்க பிடிவாதம் இதுக்கும் வந்துடுச்சு டீச்சர்," என்றாள் காத்தாயி. "கீழ்ப்பள்ளிச் சாவி இருக்குல்ல, அங்கயே கூட்டிட்டுப் போவோம். நானும் வர்றேன்."

பதினோரு பேரும் இறங்கினார்கள். பூட்டிய கதவின் முன் கோலி ஆடிக்கொண்டிருந்த ஒன்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி வந்தபோது இருபது குரல்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தன.

"பூட்டியே கிடக்குதுன்னு மனு வந்துச்சே?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூட்டித்தான் சார் கிடக்கும்," என்றார் டீச்சர். "இதுல ஒன்பது பேர்தான் இந்த ஊர்."

காத்தாயி குறுக்கே புகுந்தாள். "டீச்சரை ரெண்டா வெட்டியா சார் ரெண்டு ஊருக்கும் குடுக்க முடியும்? மூடறதுக்கு வர்ற ஜீப்புல இன்னொரு டீச்சரை ஏத்திட்டு வரக் கூடாதா?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

பைக்குள் கீழச்சாவி மெல்லக் கேட்டது: "வலிக்குதா?"

"ஒரு பல்லு போச்சு. பேசாம இரு, அவர் என்ன எழுதுறார்னு கேட்போம்."

2019 ஜூன் 10, திங்கட்கிழமை, கீழச்சுனையூர்ப் பள்ளியில் புதிய ஆசிரியர் ஒருவர் பணியில் சேர்ந்தார். அன்று காலை ஒன்பது பத்துக்கு இரண்டு பள்ளிகளும் திறந்திருந்தன.