கல்லுக்கு வடக்கு எந்தப் பக்கம்

எங்கள் கல்லூரியில் வரலாறு படித்த நாலு பேர், துணைப்பாடமாக நிலவியலை எடுத்தார்கள். ஏன்டா என்று கேட்டதற்கு, "கல்லுதானேண்ணே, எங்க ஓடிடப் போகுது? மெதுவா படிச்சுக்கலாம்" என்றார்கள். மெதுவாகத்தான் படித்தார்கள். செய்முறைத் தேர்வில் ரெண்டு தடவை கோட்டை விட்டார்கள். ரெண்டு தடவையும் ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளியவன், அட்டெண்டராகிய நான்.

மூன்றாவது தடவை விவகாரம் பெரிசு. நால்வரில் பூவரசனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையில் 'பூவரசன், பி.ஏ.' என்று அச்சடித்தே விட்டார்கள். மாமனார் முரட்டு ஆசாமி. "அந்த பி.ஏ. இல்லேன்னா பொண்ணும் இல்லே" என்று சொல்லிவிட்டார்.

நிலவியல் பேராசிரியை வேதவல்லி மேடம் இரக்கப்பட்டார். "கொல்லிமலைக்குப் போய் ஒரே ஒரு கல்லு கொண்டு வாங்க. அங்கிருந்து எதை எடுத்தாலும், வடக்கு எந்தப் பக்கம்னு அதுமேலயே அம்பு போட்டுட்டுத்தான் எடுக்கணும். எடுத்த இடத்துல அசையாத அடையாளம் ஒண்ணு வைக்கணும். அவ்வளவுதான், பாஸ்."

சனிக்கிழமை மலையேறினார்கள். நல்ல கல்லாகப் பார்த்து, திசைகாட்டி வைத்து, வெள்ளைப் பெயிண்டில் அம்பு போட்டுப் பெயர்த்தார்கள். அதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. அடையாளத்துக்குத்தான் மாநாடு கூடியது.

"குச்சி நடலாமா?" என்றான் லோகு.

"ஆடு தின்னுடும்" என்றான் குபேந்திரன்.

"அப்ப வேற கல்லு?"

"சுத்தி எல்லாமே கல்லுடா. எது நம்ம கல்லுன்னு எவனுக்குத் தெரியும்?" என்ற குபேந்திரன், ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "மூணு வருஷமா கடைசி பெஞ்சை விட்டு அசையாதவன் யாரு?"

எல்லாரும் பூவரசனைப் பார்த்தார்கள். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணம் அவனுக்குத்தானே! குழியில் இறங்கி, வடக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

கொல்லிமலை இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த பஸ் கண்டக்டர் என் மச்சான், அவர் சொல்லித்தான் இது தெரியும். முதல் வளைவிலேயே திசைகாட்டியோடு இருந்த லோகு, "ஐயோ, அம்பு தெற்கே போகுது, திருப்புங்கடா!" என்று அலறியிருக்கிறான். குபேந்திரனும் செங்குட்டுவனும் மடியிலிருந்த கல்லைத் திருப்பினார்கள். அடுத்த வளைவிலும் திருப்பினார்கள். இருபதாவது வளைவில் செங்குட்டுவன் வாந்தி எடுத்தான், ஆனால் கல்லை விடவில்லை.

"அதைத் தூக்கி சீட்டுக்கு அடியில போடுங்கய்யா" என்றார் என் மச்சான்.

"போட்டா வடக்கு போயிடும்ணே."

"எங்கய்யா போகும்?"

"அது தெரியலண்ணே. அதனாலதான் பிடிச்சுக்கிட்டே வர்றோம்."

திங்கட்கிழமை கல் மேடத்தின் மேசைக்கு வந்தது. அம்புக்குத் தோதாக மேசையைத் திருப்பும் வேலை என் தலையில் விழுந்தது. மேடம் கல்லைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். "பூவரசன் எங்கே?"

"எடுத்த இடத்துல இருக்கான் மேடம். அசையவே இல்லே."

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிகளா, நாளை மறுநாள் அவனுக்குக் கல்யாணம்! நாலு பேருக்கும் பாஸ் போட்டுத் தொலைக்கிறேன். முதல்ல போய் அவனைக் கொண்டு வாங்க. அங்க வேற எதையாவது வைங்க!"

வேறு எதை வைப்பது? மற்ற கற்களோடு கலக்காமல் இருப்பது அம்பு போட்ட கல் ஒன்றுதான். அதையே சுமந்து போய்க் குழியில் வைத்தார்கள். ஆடு மேய்ப்பவர் கொடுத்த களியைத் தின்று உயிரோடிருந்த பூவரசன் எழுந்திருக்கப் போனான்.

"இருடா, அவசரப்படாதே" என்று லோகு பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். அன்றைக்கு அவனோடு இறங்கும்போது எழுபது வளைவிலும் நடந்ததை என் மச்சான் இன்னும் சொல்லவில்லை. அவர் மெடிக்கல் லீவில் இருக்கிறார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குப் புருவ நடுவிலிருந்து மூக்கு நுனி வரைக்கும் வெள்ளை அம்பு. ஐயர் அவனைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார். உடனே மூன்று பேரும் திசைகாட்டியோடு மணவறையில் ஏறி வடக்கே திருப்பினார்கள். ஐயர் கிழக்கே திருப்பினார். இவர்கள் வடக்கே திருப்பினார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, மேளக்காரர் குச்சியை ஓங்கியபடியே நின்றார்.

மாமனார் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "என்னடா கூத்து இது?"

"வடக்கு மாறினா பி.ஏ. போயிடும் மாமா" என்றான் லோகு.

மாமனார் முகம் வெளுத்துப் போயிற்று. கையிலிருந்த பத்திரிகையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு ஐயர் பக்கம் திரும்பிக் கண்டிப்பாகச் சொன்னார்:

"சாமி, மாப்பிள்ளை மேல கை வைக்காதீங்க. கிழக்கை வேணா கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளிப் போடுங்க."