செத்தவள் சிரிக்கிற ஷாட்

மாசிலாமணி பழைய இயக்குநர். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்கிற அளவுக்குப் பேச்சு குறைவு. அவரிடம் பதினொரு வருஷமாகத் தொழில் படித்தவன் யோகராசன். அந்நிய ராணுவம் பிடித்துவைத்திருந்த ஊரிலிருந்து சின்ன வயசில் தப்பி வந்தவன். அரிசிக்கு வரிசையில் நின்ற அவன் அம்மாவைச் சிப்பாய்கள் சுட்டார்கள். அவன் பக்கத்தில்தான் நின்றான்.

இப்போது எடுக்கிற போர்ப் படத்தில் அந்தச் சாவு வருகிறது. "இதை நீயே எடு" என்று கொடுத்துவிட்டார் மாசிலாமணி.

"பார்க்கிற சனம் மறக்கக்கூடாது, ஐயா. எப்படி எடுக்கட்டும்?"

"எடு, பார்க்கலாம்."

அம்மாவாக நடித்தவள் கன்னியம்மா, அறுபது வயசுத் துணை நடிகை. முதல் தடவை குப்புற விழுந்தாள். அடுத்தது மல்லாக்க. அப்புறம் பையிலிருந்து அரிசி சிதற. அப்புறம் மெதுவாக, ஒரு கை வானத்தைப் பார்க்க. ரத்தச் சாயம் காயக் காய மறுபடி பூசினார்கள். ஒவ்வொரு தடவையும் யோகராசன் "இல்லை" என்றான்.

"இன்னா தம்பி, என்னை எத்தினி வாட்டி சாவடிப்ப? எமனே ஒரு வாட்டியோட விட்டுடுவான்."

ஏழாவதோடு நிறுத்தினான். அதுவும் சரியில்லை என்று அவனுக்குத் தெரியும்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அதையும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளுமாம்.

கன்னியம்மா எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்துச் சாயத்தை முந்தானையால் துடைத்தாள். மடியில் கிடந்த அரிசியில் நாலைந்தை வாயில் போட்டு மென்றபடி, முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள்.

"நூறு வயசு இருப்பேன், எழுதி வச்சுக்கோ."

யோகராசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டீ வேளையில் ஆசானிடம் வந்து நின்றான்.

"ஏழு விதமா எடுத்தன், ஐயா. ஒண்டிலயும் அம்மா இல்லை. ஆரோ ஒரு பொம்பிளை விழுறா, அவ்வளவுதான்."

மாசிலாமணி அந்தச் சிரிக்கிற ஷாட்டை மானிட்டரில் போட்டுக் காட்டச் சொன்னார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

"இதைப் படத்தில வைக்கேலாதே, ஐயா."

"வைக்க வேண்டாம். உங்கம்மா எப்படிச் சிரிப்பாங்க?"

யோகராசன் சொல்ல வாயெடுத்தான். அவள் விழுந்த விதம் வந்தது. ஒற்றைச் செருப்பு கழன்று கிடந்த இடம் வந்தது. பையின் நிறம்கூட வந்தது.

சிரிப்பு மட்டும் வரவில்லை.

"ஞாபகம் வரட்டும்," என்றார் மாசிலாமணி. "முதல்ல அதை எடுப்போம். அப்புறம் சுடலாம்."