வீட்டுக்கு விருந்தாளி

சாமியம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கதிரேசனின் பலகாரக் கடை வாசலில். கையில் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார்.

"எத்தனை பேருக்கு?" என்றார் கதிரேசன்.

"ஒருத்தருக்குத்தான் அண்ணே. வீட்டுக்கு விருந்தாளி."

சாமியம்மாவுக்கு வீடும் கிடையாது, விருந்தாளியும் கிடையாது. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு அந்தக் கடையில் சிரிக்க ஆள் இல்லை.

கதிரேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவர். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இனி அங்கே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியின் தாத்தா ஊர் என்று எங்கள் ஊருக்கு வந்து கடை போட்டார். திருப்பூரில் பார்த்த மாதிரியே முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருபது நாற்காலி.

இருபதில் ஒன்றில் தினமும் நான் உட்கார்ந்தேன். பத்தொன்பது சும்மா இருந்தன.

தை வரைக்கும் பார்ப்பது, இல்லையென்றால் மறுபடி பஞ்சுத்தூசிக்கே போவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

ரயில்வே கேட் பக்கத்துத் தகரக் கொட்டகையில் சாமியம்மா இலை தைத்துக்கொண்டிருப்பார். கல்யாண மண்டபங்களுக்கு மந்தாரை இலை. வயது முப்பத்தைந்துதான் இருக்கும். ஆனால் ஊரில் பெரியவர்களும் அவரிடம் போய் யோசனை கேட்பார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் கதிரேசன் ஒரு தட்டில் பொங்கலும் வடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

"அம்மா, இதைச் சாப்பிட்டுப் பாருங்க. ருசியில குறையா? சுத்தத்துல குறையா? ஏன் ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க?"

சாமியம்மா தட்டை வாங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டி, தகரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கொடுத்தார்.

"ஏம்மா திரும்பிக்கிட்டீங்க?"

"நீங்க பாக்குறீங்களே அண்ணே."

அவ்வளவுதான். ஊசியை எடுத்துக்கொண்டார்.

கல்யாணமான ஆண் எங்கள் ஊரில் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால், மத்தியானத்துக்குள் மச்சான் வாசலுக்கு வந்துவிடுவான். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா மாமா?" என்று கேட்பான். அதற்குப் பயந்தே யாரும் சாப்பிட மாட்டார்கள். எனக்கு மனைவி தவறிவிட்டாள். என்னை யாரும் கேட்கப் போவதில்லை. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில், அது பெண்டாட்டி இல்லாதவன் போகிற கடை என்று பெயரும் வந்துவிட்டது.

இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கதிரேசன் எங்களிடம் கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அன்று கொட்டகையிலிருந்து திரும்பும் வழியில்தான் சொன்னேன்.

மறுநாளே கதிரேசன் கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டார். நல்ல கெட்டித் துணி. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாள், உள்ளே சாராயம் ஓடுகிறது என்று பேச்சு. நான்காம் நாள் கான்ஸ்டபிள் வந்து திரையை விலக்கினார். நான் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வேற என்ன இருக்கு?" என்றார் அவர்.

"வடை இருக்கு" என்றேன்.

கதிரேசன் மறுபடி கொட்டகைக்குப் போனார். இந்த முறை வெறுங்கை.

"முடியலம்மா. திருப்பூருக்கே போயிடுறேன்."

சாமியம்மா ஆணியில் தொங்கிய தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினார்.

"போற வரைக்கும் தினமும் காலையில எனக்குக் கொஞ்சம் பொங்கல் கொண்டாங்க. பஸ் ஸ்டாண்டு வழியா வாங்க."

"அது சுத்துங்களே அம்மா."

"சுத்துதான்."

பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனால் கடைத்தெரு முழுக்கத் தாண்ட வேண்டும். அன்று ஆறு பேர் நிறுத்திக் கேட்டார்கள்.

"தூக்குல என்ன?"

"பொங்கல்."

"யாருக்கு?"

"சாமியம்மாவுக்கு."

"ஓகோ" என்று வழிவிட்டார்கள். இரண்டாம் நாள் ஒருவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை உரக்கடைத் தங்கையா கடைக்கு வந்தார். அக்குளில் துண்டு. துண்டுக்குள் தூக்குச்சட்டி.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. நாலு பொங்கல் குடுங்க."

கதிரேசனுக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா? யாரு வந்திருக்கா?"

தங்கையா முழித்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அப்புறம் வரேன்" என்று போயே போய்விட்டார்.

கதிரேசன் கொட்டகைக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

நடந்ததைக் கேட்ட சாமியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"எத்தனை பேருக்குன்னு கேக்கணும் அண்ணே. யாருன்னா கேப்பாங்க?"

மறுநாள் தங்கையா வரவில்லை. அவர் மனைவி சொர்ணம் வந்தார். தூக்கும் பெரிசு.

கதிரேசன் கரண்டியை எடுத்தார்.

"எத்தனை பேருக்குங்க?"

"அஞ்சு பேருக்கு. விருந்தாளி ஒருத்தர் கூடிட்டாரு." சட்னித் தூக்கையும் நீட்டினார். "நேத்து அவரை அனுப்பிச்சதே நான்தான். விறகு ஈரம். ஒரு பொய்கூட உருப்படியா சொல்லத் தெரியல அவருக்கு."

தை பிறந்தபோது காலை ஆறரைக்குக் கடை வாசலில் முப்பது தூக்கு நின்றது. எங்கள் ஊருக்கு வெளியூர் பஸ் இரண்டுதான். இரண்டிலும் ஏறுகிறவர்களே அதிகம். ஆனால் வீட்டுக்கு வீடு விருந்தாளி.

தூக்கு வைக்க இடம் வேண்டும் என்று கதிரேசன் திரையை எடுத்தார். பிறகு ஒன்றை மட்டும் விட்டு, மற்ற நாற்காலிகளை எடுத்து விற்றார்.

பொங்கல் பண்டிகை கழிந்து சாமியம்மாவிடம் போனோம்.

"அம்மா, ஒரு சந்தேகம். தங்கையா வீட்டுல நாப்பது நாளா விருந்தாளி. ஊரே பொய் சொல்லுதே. இது சரியா?"

சாமியம்மா இலையைத் திருப்பிப் போட்டுத் தைத்தார்.

"நாப்பது நாளாவா?"

"ஆமாம்மா."

"சட்னி கொஞ்சம் கூட ஊத்துங்க அண்ணே. விருந்தாளி இருந்து சாப்பிடுறவரு போல."

சாமியம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அவருடைய தூக்குச்சட்டி கடையில் ஆணியில் தொங்குகிறது.

கடையில் இன்றைக்கும் ஒரே ஒரு நாற்காலிதான், எனக்கு. கண்ணாடியை ஒட்டி, தெருவைப் பார்த்துப் போட்டிருக்கிறது.