மலை அணிலின் வாலும் பூசணம் பிடித்த சுனை ஏடும்

அருவிக்கு மேலே ஒரு குகை. அந்தக் குகைதான் அந்தக் காட்டு மிருகங்களுக்கு நூலகம். உள்ளே அடுக்கடுக்காகப் பனையோலை ஏடுகள். எந்தக் கோடையில் எந்தச் சுனை வற்றவில்லை, எந்தப் பழம் எந்த மாதம் விழும், எந்த இலை எந்தப் புண்ணுக்கு ஆகும், எல்லாம் அவற்றில் எழுதியிருக்கும்.

ஏடுகளைக் காத்தது ஒரு மலை அணில். அதற்கு வால் நீளம். உடம்பைவிட வால்தான் பெரிது. காலையில் வந்ததும் ஒவ்வோர் அடுக்கையும் அந்த வாலால் ஒரு வீசு வீசும். தூசி பறந்துவிடும்.

"துடைப்பம் வேண்டாத நூலகம் நம்மளுதுதான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும்.

அந்தக் காட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்காகச் சாயங்காலம்தோறும் மைனா குகைக்குள் உட்கார்ந்து உரக்கப் படிக்கும். அது படித்தால் மேய்கிற முயல்கூட மேய்ச்சலை விட்டுவிட்டுக் காதைத் தூக்கும். அப்படி ஒரு குரல்.

ஐப்பசி மாதம். மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு உண்டு. மழை வந்தால் அதைக் கல் வைத்து அடைக்கவேண்டியது அணிலின் வேலை. அன்றைக்குப் பார்த்து அடுத்த சரிவில் பருவம் தப்பி ஒரு பலா பழுத்திருந்தது. அணில் அங்கே போய்விட்டது. மழை வெடிப்பு வழியாக உள்ளே வந்து, வற்றாத சுனைகளைப் பற்றி எழுதிய சுனை ஏட்டின் மேலேயே கொட்டியது.

நாலு நாள் கழித்து அணில் அந்த ஏட்டுக் கட்டை அவிழ்த்தது. வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் பூத்திருந்தது. ஈரச் சாக்கு நாற்றம்.

அந்த நேரம் பார்த்து முள்ளம்பன்றி உள்ளே வந்தது. போன வாரம் அந்த ஏட்டை எடுத்துப்போய்த் திருப்பித் தந்தது அதுதான்.

"அக்கா, அதை இங்க வச்சு உதறாதீங்க" என்றது முள்ளம்பன்றி. "எங்க வளையில கிழங்கு பூசணம் பிடிச்சா உதறவே மாட்டோம். இலையில சுத்தி வெளிய கொண்டுபோயிருவோம். மூக்குல பன்னாடை கட்டிக்குவோம். பனைமரத்துல வலை மாதிரி இருக்குமே, அது."

"கிழங்கு நோண்டுறவன் எனக்கு ஏடு பாக்கக் கத்துத் தர்றியா? போடா தம்பி, போ."

முள்ளம்பன்றி போய்விட்டது. அணில் வாசலை ஒரு தடவை பார்த்தது. யாரும் இல்லை. வாலைத் தூக்கி ஏட்டின் மேல் மூன்று வீசு. பூசணம் புகையாகப் பறந்தது. ஏடு புதுசு மாதிரி ஆகிவிட்டது.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்று கட்டி அடுக்கில் வைத்தது. வீசின கையோடு, அதே வாலால் மற்ற அடுக்குகளையும் தட்டிவிட்டது.

பத்து நாள் ஆயிற்று. இந்த அடுக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த அடுக்கில் இரண்டு. அணில் தினமும் வாலால் தட்டியது. தினமும் புள்ளி கூடியது.

பிறகு மைனாவுக்கு இருமல் வந்தது. பாதிப் பக்கம் படிப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு சாயங்காலம் வாயைத் திறந்தது; காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

காட்டுக்குத் தலைவரான கரடி கூட்டம் போட்டது. அடுக்குகளைப் பார்த்ததில் பூசணம் அதிகம் இருந்தது சுனை ஏட்டில்தான். ஏடு எடுத்துப்போகிறவர் வாசல் களிமண்ணில் அந்த ஏட்டுக்குரிய இடத்தில் கால்தடம் பதித்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். சுனை ஏட்டுக்கு நேரே கடைசித் தடம் முள்ளம்பன்றியுடையது.

"ஈர வளைக்குள்ள வச்சுப் படிச்சிருக்க. அதான் பூசணம் வந்திருக்கு" என்றது கரடி. "இனிமே நீ குகைப் பக்கம் வரக்கூடாது."

"நான் காஞ்ச ஏடாத்தான் குடுத்தேன், தலைவரே. அக்காவுக்குத் தெரியும்."

எல்லோரும் அணிலைப் பார்த்தார்கள். அணில் தரையைப் பார்த்தது. "எனக்கு ஞாபகம் இல்லையே" என்று மெல்லச் சொன்னது.

முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டு நடந்து போனது. கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அணிலுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அணில் மைனாவைப் பார்க்கப் போனது. மைனா கூட்டில் சுருண்டு கிடந்தது. காதை வைத்துக் கேட்டால்தான் பேச்சு கேட்கும்.

"வாடி. நீ இருக்கப்போயி ஏடு தப்பிச்சுது. இல்லாட்டி எல்லாம் மக்கிப் போயிருக்கும்."

அணில் கிளை ஓரத்திலேயே உட்கார்ந்தது.

"மூச்சு முட்டுதுடி. அந்த வாலால கொஞ்சம் விசிறேன்."

அணில் சட்டென்று பின்னால் நகர்ந்தது. வாலை இழுத்து வயிற்றுக்கடியில் ஒளித்துக்கொண்டது.

"ஏண்டி, ஒரு விசிறுக்குமா கஞ்சத்தனம்?"

"வேண்டாண்டி. இந்த வால்தான்..." அணிலுக்கு அழுகை வந்துவிட்டது. "உன் குரலைத் தின்னது இந்த வால்தான். மழையில ஓட்டையை அடைக்காம பலாப்பழத்துக்குப் போனேன். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு பூசணத்தை உள்ளயே தட்டினேன். முள்ளம்பன்றி பாவம், ஒண்ணும் பண்ணல."

மைனா கண்ணை மூடிக்கொண்டது. பிறகு, "இதை என்கிட்ட சொல்லி என்ன? கரடிகிட்ட போயி சொல்லு" என்றது.

அணில் போய்ச் சொன்னது. கூட்டம் மறுபடி கூடியது; முள்ளம்பன்றிக்குப் போட்ட தடையைக் கரடி எடுத்துவிட்டது. "துடைப்பம் வேண்டாத நூலகமாம்!" என்று குரங்கு கெக்கலித்தது. அணில் தலை நிமிரவில்லை. முள்ளம்பன்றியின் வளை வாசலுக்குத் தானே போய் நின்றது.

"தம்பி, நான் உனக்குச் செஞ்சது பாவம். திட்டணும்னா திட்டு. ஆனா ஏட்டை எப்படிக் காப்பாத்துறதுன்னு மட்டும் சொல்லிக் குடு."

முள்ளம்பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு, "முதல்ல அந்த வாலை அருவியில அலசிட்டு வாங்க" என்றது.

அன்றைக்கே வேலை தொடங்கியது. எல்லோரும் மூக்கில் பன்னாடை கட்டிக்கொண்டார்கள். இருமல் உள்ளவர்களைக் கிட்டே விடவில்லை. பூசண ஏடுகளைத் தேக்கிலையில் சுற்றி வெளியே எடுத்தார்கள். நல்ல ஏடுகளோடு சேர்க்கவில்லை. வெயிலில் போட்டால் ஓலை வெடிக்கும் என்பதால் நிழலில் விரித்தார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, வெட்டிவேர்த் தூரிகையால் மெல்லத் துடைத்தார்கள். குகையையும் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் ஏடுகள் உள்ளே போயின.

மூன்று ஏடுகள் தேறவில்லை. அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவற்றில் சுனை ஏடும் ஒன்று. குழியை மூடியது அணில்தான்.

தை பிறந்ததும் மைனா மறுபடி படிக்க வந்தது. குரல் வந்துவிட்டது, ஆனால் உச்சத்துக்குப் போனால் இன்னும் உடையும். உடையும்போதெல்லாம், வாசலில் முள்ளம்பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அணில் தன் வாலை மடக்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

பூசணத்தைக் கண்டால் வெளியே கொண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டு துடைக்கவேண்டும். தன் தப்பைக் கண்டால் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்து சொல்லிவிடவேண்டும்.