உப்பில்லாத கஞ்சி

"எனக்கு மட்டும் ஏன் சாமி இன்னும் காவி குடுக்கல?" என்று கேட்டான் சிவனாண்டி.

மலையடிவார மடத்தில் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் காவி கட்டிவிட்டார்கள். இவனுக்கு இன்னும் வெள்ளை வேட்டிதான். குருவைவிட வயதில் மூத்தவன் வேறு. வயிறு எரியாதா?

அந்த மடத்தில் ஒரு வழக்கம். கோபக்காரன் வந்து சேர்ந்தால், கோபம் அடங்கும்வரை அவன் கஞ்சியில் உப்பு போடமாட்டார்கள். உப்பு தின்பதால்தான் ரோஷம் வருகிறது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அடங்கியது என்று குருவுக்குத் தோன்றினால் உப்பும் காவியும் ஒன்றாகக் கிடைக்கும்.

ஊரில் இருந்தவரை சிவனாண்டி கையை நீட்டாத நாளில்லை. பெண்டாட்டி வாங்கிய அடிக்கு அளவில்லை. மகள் செல்லாயி அதைப் பார்த்தே வளர்ந்தவள். பெண்டாட்டி செத்த பிறகுதான் ஐயாவுக்கு ஞானம் வந்தது.

"கோபம் போயிருச்சா?" என்றார் குரு.

"சுத்தமா போயிருச்சு சாமி. காலையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

காலையில் செல்லாயி வந்திருந்தாளாம். புருஷன் அடித்ததில் உதடு கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்ததாம். அவள் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் இவன் அமைதியாகக் கேட்டானாம். நெஞ்சில் ஒரு கொதிப்பும் எழவில்லையாம். பொறுத்துப் போ என்று நெற்றியில் திருநீறு பூசி, வந்த வழியே அனுப்பிவிட்டானாம்.

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

குரு கேட்டார்.

"அவ கையில என்ன இருந்துச்சு?"

"ஒரு துணி மூட்டை."

"கனமா?"

"நல்ல கனம் சாமி. அவளால தூக்க முடியல. போகும்போது நான்தான் தூக்கித் தலையில வச்சுவிட்டேன்."

குரு எழுந்து மடப்பள்ளிக்குப் போனார். சிவனாண்டிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உப்பு வரப்போகிறது, பின்னாலேயே காவியும் வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

குரு கஞ்சியோடு வந்தார். அவன் கண்முன்னாலேயே கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி நீட்டினார்.

"குடி."

ஒரு வாய் குடித்தான். பழக்கம் விட்டுப்போன நாக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அப்பனைப் பாத்துட்டுப் போக வந்தவளுக்கு எதுக்கு அத்தனை துணி?" என்றார் குரு.

சிவனாண்டி கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

காவியைப் பற்றி அவன் பிறகு கேட்கவில்லை.

"இப்ப எவ்வளவு தூரம் போயிருப்பா சாமி?"

குரு வெளியே பார்த்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது.

"இந்நேரம் அவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சிருப்பா."