இடப்பக்கம் திரும்பும் வால்

கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இந்தக் கதையின் முடிச்சு ஒரு விமானத்தின் வாலில் இருக்கிறது. கண்ணை அங்கேயே வைத்திருங்கள்.

சூரங்குளத்தில் தவசிகுமார் என்று ஒருவர் இருந்தார். யுத்த காலத்துச் சண்டை விமானங்களைப் போலவே, ரிமோட்டில் பறக்கும் பெரிய மாடல் விமானங்கள் செய்வார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். இறக்கையை விரித்தால் எட்டடி. எங்கோ விழுந்து நொறுங்கிய ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டு, எலும்பு எலும்பாக ஒட்டிக்கொண்டிருந்தார். சோறு ஆறி, குழம்பு ஆடை கட்டின பிறகுதான் சாப்பிட வருவார்.

ஒருநாள் மனைவி பொன்செல்வியைக் கூப்பிட்டார். அவள் கையெல்லாம் இட்லி மாவு.

"கையைத் துடைச்சிட்டு வா. நான் ரிமோட்டுல ரெண்டு குச்சியையும் பிடிச்சிருக்கேன், விட முடியாது. விமானத்து வயித்துக்குள்ள சின்னதா ஒரு பொத்தான் இருக்கு பாரு, அதை அழுத்து."

"அழுத்தினா?"

"ரிமோட்டும் விமானமும் ஒண்ணையொண்ணு தெரிஞ்சுக்கும். தாலி கட்டுற மாதிரின்னு வச்சுக்கோயேன்."

"அப்ப மூணாவது முடிச்சுப் போடுற நாத்தனார் நானா?" என்று சிரித்துக்கொண்டே அழுத்தினாள். அவர் குச்சியை நடுவில் நிறுத்தாமல் லேசாக இடப்பக்கம் சாய்த்துப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். அடுப்பில் பால் இருந்தது. ஏனென்று கேட்காமல் ஓடிவிட்டாள்.

இறக்கைக்குத் துணி ஒட்டும் முன்பே மஞ்சள் காமாலை தவசிகுமாரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் தம்பி சுடலைமுத்து, கதவு ஜன்னல் செய்கிறவன். அண்ணன் விட்ட வேலையை அவன் எடுத்துக்கொண்டான். இறக்கையை முடித்தான். ரிமோட்டைப் போட்டு, விமானத்தையும் போட்டு, வாலில் உள்ள சுக்கான் ஆடுகிறதா என்று பார்ப்பான். அணைக்கும்போது விமானத்தை முதலில் அணைத்துவிட்டுத்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும். அவனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கையில் இருக்கிற ரிமோட்டைத்தான் முதலில் அணைத்தான்.

அணைத்த மறுநொடி சுக்கான் கிர்ரென்று தானாக இடப்பக்கம் திரும்பி, அப்படியே நின்றது. இடப்பக்கம் இருந்தது தவசிகுமார் உட்காரும் முக்காலி.

"மதினி, இங்க வாங்க. யாரோ திருப்புதாங்க."

பொன்செல்வி வந்து பார்த்தாள். ரிமோட்டைப் போட்டால் வால் நேராகிறது. அணைத்தால் முக்காலியைப் பார்க்கிறது. அவள் ஓடவில்லை, முந்தானையால் முக்காலியைத் துடைத்து வைத்தாள்.

சுடலைமுத்து அன்றோடு ரிமோட்டை அணைப்பதையே விட்டுவிட்டான். இரவும் பகலும் அது எரிந்துகொண்டே கிடக்கும். உள்ளே பாட்டரி செத்துச் செத்துப் பிழைத்தது.

பறக்கவிடத் தெரிந்தவர் தவசிகுமாரின் கூட்டாளி ராயப்பன் ஒருவர்தான். அவர் வந்து ஒரு பேச்சு வைத்தார்.

"முழுசா யார் இறக்குறாங்களோ அவங்களுக்கு விமானம். விழுந்து நொறுங்கினா, திரும்பக் கட்டுற சுடலைக்கு. சரிதானே?"

"எனக்கு?" என்றாள் பொன்செல்வி.

"நீங்க கண்ணாரப் பாருங்க தங்கச்சி."

சூது புரிந்தும் அவள் தலையாட்டினாள். கணவர் கைப்பட்ட கடைசிப் பொருள் அது. அது வீட்டைவிட்டுப் போவதில் அவளுக்கு மனமில்லை. ஆனால் பறக்காமல் கிடந்தால் அவர் ஆசை அடங்காது என்றும் தோன்றியது.

ஊருக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம். அதன் வலப்பக்கம் கண்மாய் நிறையத் தண்ணீர். இடப்பக்கம் கடலைக்காடு. பாட்டரிக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றியதாக விளக்கு காட்டியது. விமானம் உறுமிக்கொண்டு ஏறியது. ஓடுதளத்துக்கு நேர் மேலே போகும்போது ரிமோட் இரண்டு முறை முனகிவிட்டு இருண்டது.

"செத்துட்டு," என்றார் ராயப்பன். கழுத்து வாரில் ரிமோட் தொங்க, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

மேலே உறுமல் தணிந்தது. கண்மாயில்தான் விழும் என்று மூவரும் நினைத்த விமானம், மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு வட்டம் போட்டது. அதன் நிழல் மூன்று பேர் தலைமேலும் ஊர்ந்து போனது. இன்னொரு வட்டம், இன்னும் தாழ. பிறகு கடலைச் செடிகளின் மேல் வயிறு உரச வந்து உட்கார்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. சுக்கான் மட்டும் இடப்பக்கம் திரும்பியபடியே இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் ராயப்பன். "ஏத்தினது நான். நான் நிதானமா நிறுத்தின இடத்துலதான் சிக்னல் போச்சு. அதனாலதான் பொழச்சுது."

"இறக்கை நான் செஞ்சது அண்ணாச்சி. கோணலா இருந்தா மிதக்குமா?" என்றான் சுடலைமுத்து.

"இறக்குறவங்களுக்குன்னுதானே பேச்சு? உங்க ரெண்டு பேர் கையும் அதுல இல்லையே. கொண்டாந்து இறக்கினது அவரு," என்றாள் பொன்செல்வி.

"செத்தவங்க வந்து பங்கு கேக்க முடியாது மதினி."

நீங்களே சொல்லுங்கள். யார் கையும் படாமல் இறங்கிய விமானத்தை இறக்கியது யார்? அது யாருக்குச் சேர வேண்டும்?

விடை இதுதான். சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை, ரிமோட்டோடு இணைக்கிற அன்றே விமானம் மனப்பாடம் செய்துகொள்ளும். பொத்தானை அழுத்தும் நேரத்தில் குச்சி எப்படி இருக்கிறதோ அப்படி. ஓடுதளத்தின் வலப்பக்கம் தண்ணீர் என்று தெரிந்துதான் தவசிகுமார் என்ஜினைத் தணித்து இடப்பக்கம் பிடித்திருந்தார். கொட்டகையில் சுக்கானைத் திருப்பியதும் அந்தப் பிடிதான். சுடலைமுத்து பயந்துபோய்ப் பாட்டரியைக் கெடுத்தான். அவன் எதைக் கண்டு பயந்தானோ அதுவே விமானத்தைக் காப்பாற்றியது. ஆக, இறக்கியது தவசிகுமாரின் கை, அதைப் பதியவைத்தது பொன்செல்வியின் விரல். விமானம் அவளுக்குத்தான். இப்போதும் எப்போதாவது இரண்டையும் போட்டுவிட்டு, வேண்டுமென்றே ரிமோட்டை முதலில் அணைப்பாள். வால் முக்காலிப் பக்கம் திரும்பும். காரணம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அதற்கு முன் முக்காலியைத் துடைத்து வைக்காமல் ஒருநாளும் அணைத்ததில்லை.